பதினொரு நாள் கப்பல்காரர்

அவர் கப்பல்களை மூழ்கடித்த கதையை எப்போதும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

"மூண்டு கப்பல், பிள்ளை. ஒரே விடியக்காலமை. நாங்கள் மூண்டையும் தாட்டனாங்கள்."

அந்த 'நாங்கள்' காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கப்பல்கள் தாழ்ந்தபோது அவர் இந்த உலகத்திலேயே இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் திருகோணமலையில் பிறந்த மனுசன். கடலில் அவர் போன ஒரே பயணம் ஒஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போய் வரும் உல்லாசக் கப்பலில். அதிலும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் வாந்தி எடுத்தவர் என்று அவருடைய மனைவியே எங்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறா.

நகரத்தின் கிழக்குப் பக்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் குசினியில், சமையல் வேலை. நான் இரண்டாம் மாடியில், முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துப் பார்க்கிற வேலை. நான் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வருவேன், அவர் வெஸ்ட்லியிலிருந்து வருவார். ரயில் பாதையில் அது ஒரு முனை, இது ஒரு முனை. அந்தத் தூரம் போதாது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்று மகளோடு துரொண்ட்ஹெய்மில் இருக்கிறார் என்று கேள்வி. நல்லது, தூரம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

தமிழ் ஆட்கள் எல்லாரும் அவரைக் கப்பல்காரர் என்றுதான் சொல்லுவார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் அவருக்குச் சந்தோசம்தான். கிண்டல் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது.

அந்த மூன்றையும் தாட்டதாக அவர் சொன்ன கப்பல் கற்பனை இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிரித்தானியக் கடற்படையின் சிறிய விமானந்தாங்கிக் கப்பல் அது. சரக்குக் கப்பலுக்கு என்று கட்டத் தொடங்கிய உடம்பின் மேல் நீளமான ஒரு தட்டைத் தளத்தை வைத்து, செட்டை மடிக்கிற விமானங்களை ஏற்றி, அவசரத்துக்கு யுத்தத்துக்கு அனுப்பிய வகை. கூட்டம் கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களை நீர்மூழ்கிகள் நெருங்காமல் காவல் காத்துக்கொண்டு போவதுதான் அதன் முதல் வேலை. அத்திலாந்திக்கில் போனது. பனி உறைந்த வடகடல் வழியாக ருஷ்யப் பக்கம் போனது. ஒரு வசந்த காலத்தில் நோர்வேக் கரையோரம் வந்து, ஜெர்மன்காரருக்குச் சாமான் ஏற்றிப் போன கப்பல்களை அதன் விமானங்கள் அடித்தன. அடுத்த வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் வந்து நின்றது. யுத்தம் முடிந்ததும் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். பின்னாளில் நானே தேடி வாசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வாசித்தவரில்லை. நகர நூலகத்தில் படம் போட்ட ஒரு தடித்த புத்தகத்தைக் கண்டுபிடித்து, அதை மாதக்கணக்கில் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தார். படங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்டார். "எங்கடை ஐயா அதிலை பெரிய உத்தியோகம். கப்டனுக்கு வலது கை மாதிரி" என்று தன் அப்பாவைப் பற்றிச் சொல்லுவார். நிரப்புகிறவருக்கு எவ்வளவும் நிரப்பலாம்தானே.

குசினி மேசையில் உரித்த உருளைக்கிழங்குகளை நாலு வரிசையாக அடுக்குவார். அவை சரக்குக் கப்பல்கள். நடுவில் ஒரு மீன் கேக்கை வைப்பார். அது எங்கடை கப்பல். கரட் துண்டுகள் நீர்மூழ்கிகள். சாப்பாட்டு வண்டி மேலே போக வேண்டிய நேரம் கடந்து, என் முதியவர்கள் கரண்டியோடு காத்துக்கொண்டிருக்க, கீழே யுத்தம் நடக்கும்.

"அண்ணை, சாப்பாடு அனுப்புங்கோ. சனம் பசியோடை இருக்குது."

"பொறு பிள்ளை. இந்தா, இந்தக் கரட்டை அடிச்சிட்டு அனுப்புறன்."

பெரிய உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கச் சொன்னால் முதுகு வலிக்கும். குளிர் அறைக்குள் போகச் சொன்னால் மூட்டு வலிக்கும். வடகடலில் 'எங்கடை ஆக்கள்' தளத்தில் உறைந்த பனியைச் சுத்தியலால் அடித்து உடைத்த கதையை, குளிர் அறைக்குள் எரித்திரியாப் பெண்ணொருத்தியை அனுப்பிவிட்டு வாசலில் நின்றபடி சொல்லுவார். அந்தப் பெண் பால் பெட்டிகளைச் சுமந்துகொண்டு அவரைச் சுற்றிப் போவாள்.

ஒரு நாள் தீ அபாய மணி அடித்தது. ஒத்திகைதான், ஆனால் யாருக்கும் முன்பே சொல்லவில்லை. எங்கள் வேலை என்ன என்று வருடா வருடம் படிப்பித்திருக்கிறார்கள். குசினிக்காரர் அடுப்பை நிற்பாட்டி, சாப்பாட்டு அறையில் இருப்பவர்களைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். நான் மேலிருந்து மூன்று பேரை இறக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வாகனத் தரிப்பிடத்தின் கடைசி மூலையில் ஒரு ஆள் ஏற்கெனவே நின்றார். குளிர் ஜக்கெற் போட்டு, பொத்தான் எல்லாம் பூட்டி, கையில் தன்னுடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு. சாப்பாட்டு அறையில் ஒன்பது முதியவர்கள் அப்படியே இருந்தார்கள்.

"அண்ணை, உள்ளுக்கை இருந்த ஆக்கள்?"

"ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வெளியிலை நிக்க வேணுமெல்லோ" என்றார். "கப்பலிலையும் அப்பிடித்தான்."

சிரிப்புக்குப் பதிலாக அருவருப்பு வந்தது. பொய் சொல்கிறவர்கள்மேல் எனக்குப் பொதுவாகப் பெரிய கோபம் வருவதில்லை. அகதியாக வந்தவர்களில் கொஞ்சமேனும் கதை அளக்காதவர் யார்? ஊரில் இரண்டு பரப்புக் காணி வைத்திருந்தவர் இங்கே வந்து இருபது பரப்பு என்பார், நாங்களும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். ஆனால் இந்த மனுசன் அடுத்தவன் பட்ட குளிரையும் அடுத்தவன் செத்த சாவையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு மூட்டைக் கிழங்கைக்கூடத் தூக்காமல் இருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவருடைய பேத்தியின் பிறந்த நாளுக்கு வெஸ்ட்லிக்குப் போன அன்றுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. பத்தாம் மாடி வீடு. வரவேற்பறைச் சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டகம் போட்ட ஒரு பழைய கடுதாசி தொங்கியது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அவருடைய அப்பாவுக்குக் கொடுத்த பத்திரம். மேலே ஆங்கிலத்தில் கப்பலின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப் பாதியை மறைத்து அப்பாவின் படத்தைச் செருகியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரையும் அதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

கனடாவிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தா. எழுபது தாண்டிய, கண் நல்ல கூர்மையான மனுசி. தம்பி கேக் வெட்டப் போன நேரம் என் பக்கத்தில் வந்து நின்று சட்டகத்தைப் பார்த்தா.

"ஐயாவின்ரை படத்தை ஏன் இதுக்கு மேலை செருகினவன்? எழுத்து மறைஞ்சு போச்சு."

சொல்லிக்கொண்டே சட்டகத்தைக் கழற்றி, பின்பக்கத்து அட்டையைத் தூக்கி, படத்தை இழுத்து எடுத்துவிட்டா. கீழே நாலு வரி. துருச் சுரண்டி வர்ணம் பூசும் தற்காலிக வேலை. பதினொரு நாள். நடத்தை திருப்தி.

"ஓம், பதினொரு நாள்" என்றா அக்கா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "கப்பல் துறைமுகத்திலை நிக்கேக்கை ஊர்ப் பெடியளைப் பிடிச்சுத் துருச் சுரண்ட விட்டவங்களாம். ஐயாவுக்கு அப்ப இருவது இருவத்தொரு வயசு. கப்பலின்ரை பக்கத்திலை கயித்துப் பலகையிலை தொங்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுரண்டினவராம். கண்ணுக்குள்ளை துரு விழுந்து ஒரு கிழமை வீங்கிப் போச்சாம். கடைசி நாள் ஒரு வெள்ளைக்காரன் பிஸ்கற் பெட்டி ஒண்டு குடுத்தவனாம். அந்தத் தகரப் பெட்டியிலைதான் அம்மா கனகாலம் மிளகாய்த்தூள் போட்டு வைச்சவ."

அந்தக் கணத்தில் அந்த அப்பாவை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கயிற்றில் தொங்கி, கண் வீங்கி, பதினொரு நாளும் ஒழுங்காக வேலை செய்து, நடத்தை திருப்தி என்று எழுதி வாங்கிய மனிதர். அதைவிட என்ன பெருமை வேண்டும்? அந்த மனிதரின் படத்தையே எடுத்து அவருடைய உழைப்பை மறைத்து வைத்திருக்கிறான் மகன். அன்றுதான் என் எரிச்சல் வெறுப்பாக மாறியது.

அடுத்த நாள் குசினியில் கேட்டேவிட்டேன்.

"அண்ணை, ஐயா பதினொரு நாள்தானாமே?"

கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அக்காவுக்கு என்ன தெரியும்? அவ அப்ப பிறக்கவேயில்லை."

"நீங்கள் பிறந்திருந்தனீங்களோ?"

"நான் ஆம்பிளைப் பிள்ளை. ஐயா எனக்குத்தான் எல்லாம் சொன்னவர்."

அதோடு கதை முடிந்தது. அடுத்த கிழமை மறுபடியும் உருளைக்கிழங்குகள் அணிவகுத்தன.

மாரித் என்பவர் எங்கள் இல்லத்துக்கு வந்தது அந்த மாரிகாலத்தில். எண்பதை நெருங்கிய மெலிந்த பெண். வடமேற்குக் கரையில் ஒரு தீவில் பிறந்து, ஒஸ்லோவில் தபால் கந்தோரில் வேலை செய்து முடித்தவர். அதிகம் பேசமாட்டார். காலையில் தலை வாரிவிடும்போது மட்டும் என்னோடு கொஞ்சம் பேசுவார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு படம் இருந்தது. தொப்பி போட்ட இளம் ஆண், இடுப்பில் ஒரு சின்னப் பெண் குழந்தை. அவருடைய அப்பா.

அப்பா கரையோரச் சரக்குக் கப்பல் ஒன்றில் அடுப்புக்கு நிலக்கரி போடுகிறவர். நாடு ஜெர்மன்காரர் கையில் இருந்த காலம். கப்பல் அவர்களுக்குச் சாமான் ஏற்றியது, ஆனால் வேலை செய்தவர்கள் எல்லாம் அந்தக் கரையில் பிறந்த நோர்வேக்காரர்தான். குடும்பத்துக்குச் சாப்பாடு போட வேறு வழி இல்லை. ஒரு விடியற்காலை விமானங்கள் வந்தன. மாரித்துக்கு அப்போது நாலு வயது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதோடு ஊரில் ஒரு முணுமுணுப்பும் இருந்ததாம், ஜெர்மன்காரருக்கு வேலை செய்தவன்தானே என்று. யுத்தத்தில் இறந்தவர்களுக்கு அழுகிற மாதிரி அந்த வீட்டுக்காக யாரும் வாய் விட்டு அழவில்லை.

வயதான பிறகு மாரித் பிரித்தானியாவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். பதிலில் கப்பலின் பெயரும் திகதியும் இடமும் மட்டும் வந்தன. அவர் கேட்டது அது இல்லை.

"எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்" என்று ஒரு காலை சொன்னார். "அவர்களுக்குத் தெரியுமா? தாங்கள் கொன்றது எங்கள் ஆட்களை என்று பிறகாவது தெரிந்ததா? தெரிந்தபோது என்ன செய்தார்கள்? அதை அறியாமல் நான் சாக விரும்பவில்லை."

அதை யாரிடம் கேட்பது? அந்தத் தளத்தில் நின்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் தலையை வாரி முடித்துக் கிளிப்பைப் போட்டுவிட்டேன். அப்போது அவர் கப்பலின் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே எட்டாம் திகதி, இந்த நாடு விடுதலையான நாள். சாப்பாட்டு அறையில் சின்னக் கொடிகள் வைத்து, வாஃபிலும் கோப்பியும் பரிமாறுவது எங்கள் இல்லத்தில் வழக்கம். முதியவர்கள் தங்கள் சின்ன வயது ஞாபகங்களைச் சொல்லுவார்கள். அந்த வருடம் கப்பல்காரர் வெள்ளை ஏப்ரனோடு குசினியிலிருந்து வந்து அறையின் நடுவில் நின்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் சேர்த்த நோர்வேஜிய மொழி ஒரு கைப்பிடிதான். 'நாங்கள்' என்ற சொல் மட்டும் பிழையில்லாமல் வரும்.

"நாங்களும் நோர்வேக்குச் சண்டை செய்தது" என்றார். "என் அப்பா கப்பல். விமானக் கப்பல். இந்தக் கரை வந்தது. மூன்று கப்பல், நாங்கள் அடித்தது. கீழே போனது. எல்லாம் ஜெர்மன்."

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். ஒருவர் கொடியை ஆட்டினார். அவர் நெஞ்சில் கை வைத்துக் கப்பலின் பெயரைச் சொன்னார்.

மாரித்தின் கோப்பை தட்டில் மோதியது. ஜன்னலோர மேசையில் இருந்து அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அந்த மனிதரை என் அறைக்கு வரச் சொல்ல முடியுமா?"

அவருடைய கடிதத்துக்குப் பதிலில் வந்த பெயர் இதுதான் என்று எனக்கு விளங்கியது. அந்தக் கரையோரக் கப்பல்களில் யார் வேலை செய்தார்கள் என்று இருபது வருடத்தில் ஒரு தரமாவது கப்பல்காரர் யோசித்திருந்தால் அந்த அறையில் அப்படிப் பேசியிருக்க மாட்டார். அதே நேரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஒரு குரூரமான சந்தோசமும் வந்தது. அகப்பட்டாயா என்று மனது சொன்னது.

அவரிடம் போய் மாரித் கூப்பிடுவதை மட்டும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. முகம் மலர்ந்தது.

"நன்றி சொல்லக் கூப்பிடுறாபோலை. நீயும் வா பிள்ளை. பெரிய விசயம், வடிவாக் கதைக்க வேணும். என்ரை நொஸ்க் பாசை காணாது."

ஏப்ரனைக் கழற்றி, முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்தார்.

மாரித் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அப்பாவின் படம். அவரை எதிரே உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக, சொல் சொல்லாக, அவருக்கும் விளங்கும்படி கதையைச் சொன்னார். அப்பா, நிலக்கரி, கரையோரக் கப்பல், விடியற்காலை. கப்பல்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போய்விட்டது.

"நான் கோபத்தில் கேட்கவில்லை" என்றார் மாரித். "உங்கள் அப்பா அங்கே இருந்தார். அவர்களுக்குத் தெரிந்ததா என்று மட்டும் சொல்லுங்கள்."

கப்பல்காரர் என் பக்கம் திரும்பினார். நெற்றியில் வியர்வை. அடித் தொண்டையில், வேகமாக, தமிழில் கொட்டினார்.

"பிள்ளை, சொல்லு. எங்கடை ஐயாவுக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லையெண்டு சொல்லு. பதினொரு நாள் துருச் சுரண்டினவர், அவ்வளவுதான். அதுகும் திருமலையிலை. அதுகும் இது நடந்து அடுத்த வருசம். வெள்ளைக்காரன் செய்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது? சொல்லு பிள்ளை, கெதியாச் சொல்லு."

இருபது வருடமாக நான் அவர் வாயிலிருந்து கேட்க விரும்பிய உண்மை அதுதான். ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டார். கேட்டபோது எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கை தட்டல் கிடைக்கும் மட்டும் அது எங்கடை கப்பல். ஒரு கிழவி பதில் கேட்டதும் அது வெள்ளைக்காரனுடைய கப்பல். தீ மணி அடித்த அன்றைக்குப் போலவே முதல் ஆளாக வெளியே ஓடிவிட்டார், உள்ளே மாரித்தைத் தனியே விட்டுவிட்டு.

மாரித் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய விரல்கள் படத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. உண்மையைச் சொன்னால் என்ன மிஞ்சும்? இந்த ஆள் ஒரு புளுகன், உங்கள் கேள்விக்கு இனி உலகத்தில் பதில் இல்லை, கோப்பி ஆறுகிறது. அவ்வளவுதான்.

"இவருடைய அப்பா பின்னாளில்தான் அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாராம்" என்று தொடங்கினேன். அதுவரை உண்மை. "அதில் இருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அந்தக் கப்பல்களில் நோர்வேக்காரர் வேலை செய்தது பிறகு தெரிய வந்ததாம். தெரிந்த அன்று சிலர் சாப்பிடவில்லையாம்."

"எல்லாருமா?"

"இல்லை. சிலர்."

எல்லாரும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். மாரித் மடியில் இருந்த படத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அவர்கள் சிரித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்" என்றார் பிறகு. "நாலு வயதிலிருந்து அப்படித்தான் நினைத்திருந்தேன். விமானத்துக்குள் இருந்து சிரிக்கிற மாதிரி."

கையை நீட்டிக் கப்பல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அதைச் சூடான சட்டியைத் தொட்டவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து கதவைச் சாத்தியதும் என்மேல் பாய்ந்தார். அவ்வளவு நோர்வேஜியம் அவருக்கு விளங்கும்.

"ஏன் பொய் சொன்னனீ? ஐயாவை ஏன் இதுக்குள்ளை இழுத்தனீ? நாளைக்கு வழக்குக் கிழக்கு எண்டு வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"இருவது வருசமா ஐயாவை இழுத்துக்கொண்டு திரிஞ்சது நானோ, நீங்களோ?"

"அது வேறை. அது கதைக்கிறது."

நான் அடுத்த அறைக்கு மருந்து கொடுக்கப் போனேன்.

அன்றிலிருந்து குசினியில் உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காகவே இருந்தது. சாப்பாடு நேரத்துக்கு மேலே வந்தது. இரண்டாம் மாடிக்கு வண்டியை எரித்திரியாப் பெண்ணிடம் கொடுத்து அனுப்பினார், தான் வருவதே இல்லை. மாரித் அடிக்கடி கேட்பார்.

"அந்தக் கப்பல்காரரின் மகன் எங்கே? ஒரு கோப்பி குடிக்க வரமாட்டாரா?"

வேலை அதிகம் என்று சொல்லுவேன். உண்மையில் கீழே அவர் லொத்தர் சீட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கோ அண்ணை, ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, சும்மா இருந்துவிட்டு வாருங்கோ என்று நான் போய்க் கெஞ்சினேன். நான், அவரிடம். முதுகு வலி என்றார்.

மாரித் அடுத்த வருடம் பனி உருகத் தொடங்கிய கிழமையில் போய்விட்டார். நித்திரையில்தான். கடைசி மாதங்களில் அவர் அமைதியாக இருந்தார். அப்பாவைப் பற்றி, அவர் இடுப்பில் இருந்து பார்த்த கடலைப் பற்றி, முன்பு சொல்லாத சின்னச் சின்ன விசயங்களை எல்லாம் தலை வாரும்போது சொன்னார். அந்த நிம்மதியில் என்னுடைய பொய் எவ்வளவு, அவருடைய களைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மகன் கேக்கோடு வந்தார். உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். எல்லாருக்கும் கை கொடுத்து நன்றி சொன்னார். பிறகு என்னிடம், "அந்தக் கப்பலில் வேலை செய்தவருடைய மகன் ஒருவர் இங்கே இருக்கிறாராமே?" என்று கேட்டார். "அம்மா கடைசிவரை அவரைப் பற்றித்தான் சொன்னார். ஒரு நிமிடம் அவரோடு பேச முடியுமா? என் பிள்ளைகளுக்காக அதைக் கைபேசியில் பதிவு செய்து வைக்க விரும்புகிறேன்."

கப்பல்காரர் குசினியிலிருந்து வந்தார். மகன் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, நன்றி என்று சொன்னார். சொன்ன மாத்திரத்தில் மனுசனின் முதுகு நிமிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். வழக்கு இல்லை, நன்றி. பத்து மாதமாக ஒளித்திருந்த ஆள் நெஞ்சை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். மகன் கைபேசியை மேசையில் நிறுத்திவைத்தார்.

"நான் தமிழிலை சொல்லுறன், நீ மொழிபெயர் பிள்ளை. வடிவாச் சொல்ல வேணும்."

சொன்னார். அந்தச் செய்தி வந்த அன்று கப்பலில் கொடியை இறக்கினார்களாம். கப்டன் விம்மி விம்மி அழுதாராம். ஐயாதான் அவருடைய தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாராம். விமானம் ஓட்டின ஒருவன் இனிப் பறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினானாம். முந்நூறு பேரும் மூன்று நாள் பட்டினி கிடந்தார்களாம். நான் மூன்று வசனத்தில் சொன்ன பொய்க்கு அவர் கைகால் வைத்து, உடுப்புப் போட்டு, கிரீடமும் வைத்தார். பேசப் பேச அவருக்கே கண் கலங்கியது. கண்ணீர் நிசமானது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பத்து நிமிடம் போயிருக்கும். முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அவர்களுக்குப் பிறகு தெரிய வந்ததாம்" என்று கைபேசியைப் பார்த்து நோர்வேஜியத்தில் சொன்னேன். "சிலர் அன்று சாப்பிடவில்லையாம். எல்லாரும் இல்லை. சிலர்."

மகன் காத்திருந்தார். கப்பல்காரர் என்னை முறைத்தார். கப்டனும் கொடியும் காணாமல் போனது அவருக்கு விளங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று மகன் தயங்கிக் கேட்டார். "நிறைய நேரம் பேசினாரே."

"அதைப் பற்றிப் பேசுவது அவருக்கு எப்போதும் கஷ்டம்" என்றேன்.